பழைய உலாவியும் பாடபேதமும்

காலாவதியான உலாவியைத் தொடாதே என்கின்றனர் கணினித் துறையினர். வங்கிக் கணக்கும் கடவுச்சொல்லும் புழங்குமிடத்தில் அது சரியே. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன மென்பொருள் தாழில்லாத கதவு. ஆனால் அதே தடையை 1990களின் இறுதியில் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்களை வாசிப்பதற்கும் விதிக்கும்போது நாம் மறுக்க வேண்டியிருக்கிறது.

அப்பக்கங்கள் யூனிகோடில் எழுதப்பட்டவை அல்ல. திஸ்கி ஒருபுறம், 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தாம், தாப் ஒருபுறம், இவை போக ஆளுக்கொரு எழுத்துரு. உலாவியின் பட்டியலில் 'பயனர் வரையறுத்தது' என்பதைத் தெரிவு செய்து, உரிய எழுத்துருவைச் சுட்டினால்தான் தமிழ் தெரியும். இல்லையேல் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. அந்தப் பட்டியலை 2021இல் பயர்பாக்ஸும் களைந்துவிட்டது. பக்கத்தோடே இறங்கிய இயங்கு எழுத்துருக்களின் கதை இன்னும் சோகம். நெட்ஸ்கேப்பின் வகையை அதன் வழிவந்த மொசில்லாவே கைவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ 2022 ஜூனில் ஓய்வுபெற்றது.

"யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் போயிற்று" என்பது ஆயத்த விடை. மாற்றியது ஒரு பதிப்பு, மூலமன்று. அக்கால எழுத்துருக்களில் கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும், யூனிகோடில் பின்னே. ஔகாரத்தின் வலக்குறிக்கு ளகரத்தையே தட்டியவர் பலர். ஆகவேதான் பௌர்ணமி 'பெளர்ணமி'யாகி இன்றும் உலவுகிறது. பிழை ஆசிரியருடையதா, மாற்றியுடையதா? மூலத்தைத் திறவாமல் யார் சொல்வது? 1887இல் சீவகசிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சா., அச்சு வந்துவிட்டதே என்று ஏடுகளை அடுப்பிலிடவில்லை.

திறப்பதற்கு வழி எளிது. நிறுவத் தேவையில்லாத 'போர்ட்டபிள்' உலாவி பென்டிரைவிலிருந்தே இயங்கும். தன் அமைப்புகளைத் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். புதிய உலாவியோடு மோதாது. பக்கத்தை 'எச்.டி.எம்.எல். மட்டும்' என்று சேமித்து, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்தால் எந்தக் கள்வன் நுழைவான்? தமிழ்த்துறை நூலகந்தோறும் இணைப்பற்ற பழைய கணினி ஒன்று போதும். ஓலைச்சுவடிக்குக் கண்ணாடிப் பேழை செய்கிற நிறுவனங்களுக்கு இச்செலவு ஒரு பொருட்டா?

உலாவி மட்டும் இருந்து பயனில்லை, எழுத்துருவும் வேண்டும். அக்காலக் குறுந்தகடுகளை அலமாரியில் வைத்திருக்கும் நண்பர்கள், அவை படிக்க முடியாமற் போகுமுன் படியெடுத்து வைக்க வேண்டுகிறோம்.