துணுக்கில் விட்டுப்போன பாதி



போன மாதம் ஒரு வாசகி போனில் பேசினார். "மார்புல கட்டி சார். டாக்டர் கீமோ சொல்லியிருக்காங்க. முள்சீத்தா இலை கேன்சர் செல்லை அழிக்கும்னு உங்க பத்திரிகையிலயே வந்துச்சே, அதைக் குடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் போகலாமா?"

பழைய இதழ்களைப் புரட்டினேன். ஆம், நாம்தான் போட்டிருக்கிறோம். நான்கு வரித் துணுக்கு. அதில் பொய் இல்லை. ஆனால் பாதி விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருந்தோம். அது தவறு.

முள்சீத்தா புற்றுநோய் செல்லை அழித்தது ஆய்வுக்கூடத்தில். அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். குழிக்குள் புற்றுநோய் செல்களை வளர்த்து, மூலிகைச் சாற்றை வெவ்வேறு அளவில் விடுவார்கள். ஓரிரு நாள் கழித்து மஞ்சள் நிற ரசாயனம் ஒன்றைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். செத்த செல் மாற்றாது. ஊதா குறைந்திருந்தால், சாறு வேலை செய்திருக்கிறது என்று கணக்கு. நம் ஊர்க் கல்லூரிகளிலும் மாணவர்கள் கண்விழித்துச் செய்யும் வேலை இது. முதல் படியாக அவசியமானதும்கூட.

ஆனால், அந்தக் குழியில் பினாயிலை விட்டாலும் செல் சாகத்தானே செய்யும்? நல்ல செல்லுக்கு என்ன ஆகும்? குடித்த கஷாயம் வயிற்றையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்தில் எவ்வளவு சேரும்? நம் சமையல் மஞ்சளில் உள்ள குர்குமின் தட்டில் நன்றாகவே வேலை செய்கிறது. சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம்.

அப்படியானால் மூலிகையில் ஒன்றுமே இல்லையா? யார் சொன்னது! வாசலில் பூத்து நிற்கிறதே நித்தியகல்யாணி, அதைப் பாருங்கள். ஜமைக்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் குடித்து வந்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் அந்தச் சாற்றை எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அந்த வழியில் போய், 1958-ல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் அது முக்கிய மருந்து.

ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நோயாளியின் உடல் அளவைக் கணக்கிட்டு, மில்லிகிராம் கணக்கில் ரத்தநாளத்தில் ஏற்றுகிறார்கள். கொஞ்சம் கூடினாலும் நரம்பைப் பாதிக்கும். வீட்டு அடுப்பில் அந்த அளவை யார் பார்ப்பது?

முள்சீத்தா விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கரீபியன் தீவான குவாதலூப்பில் அதை வழக்கமாகச் சாப்பிட்டு வந்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோயைக் கண்டு மருத்துவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

அந்தச் சகோதரியிடம், "டாக்டர் சொன்ன தேதியைத் தள்ளிப்போடாதீங்கம்மா" என்றேன். உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால், கூடவே என்ன இலை, என்ன பொடி சாப்பிடுகிறார்கள் என்பதைத் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அந்தத் துணுக்கைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள், இந்தப் பக்கத்தையும் அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்