திட்டினால் நிற்காத கண் சிமிட்டல்

சிங்கப்பூரில் 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் வருகிறது. மனநலக் கழகம் 2016ஆம் ஆண்டின் நாடளாவிய ஆய்வில் 6,126 பெரியவர்களிடம் பேசித் திரட்டிய கணக்கு இது. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருந்தது. உதவி நாடிய ஓசிடி நோயாளிகளில் பாதிப் பேர், நோய் தொடங்கி 11 ஆண்டுகளோ அதற்கு மேலோ கழிந்த பிறகே அவ்வாறு செய்திருக்கிறார்கள்.

ஓசிடி பலருக்குப் பிள்ளைப் பருவத்திலோ பதின்ம வயதிலோ தலைகாட்டும் நோய். பத்து வயதில் அது தொடங்குவதாக வைத்துக்கொண்டால், 11 ஆண்டுகளுக்குள் பிஎஸ்எல்இ, சாதாரண நிலைத் தேர்வு, பையனாக இருந்தால் தேசிய சேவையும்கூட முடிந்துபோயிருக்கும். அத்தனையையும் சிகிச்சை இல்லாமலே அவன் கடந்திருப்பான்.

மனநலத்தைத் தேசிய அளவில் முன்னுரிமைக்குரிய விவகாரமாக்குவதாக 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2030ஆம் ஆண்டுக்குள் அரசாங்கத் துறையில் மனநல மருத்துவர்களை 260 ஆகவும் உளவியல் நிபுணர்களை 300 ஆகவும் உயர்த்துவது, எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் மனநலச் சேவை வழங்குவது என்று திட்டங்கள் வந்தன. நல்ல செய்திதான். ஆனால் மனநலம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை மனச்சோர்வும் மனப்பதற்றமும். வகுப்பில் ஓயாமல் கண் சிமிட்டும் தொடக்கநிலை மூன்று மாணவன் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. அவனுக்கு இருப்பது ‘டிக்’. ஓசிடிக்கு நெருங்கிய உறவு. வீட்டில் அதற்கு வைக்கப்படும் பெயர் சேட்டை.

அடக்க முடிவதுதான் அதன் துரதிர்ஷ்டம்

கண் சிமிட்டுவது, மூக்கை உறிஞ்சுவது, தோளைத் தூக்குவது, கழுத்தை வெட்டுவது, தொண்டையைச் செருமுவது. திடீரென வந்து, நொடியில் முடிந்து, மறுபடியும் வரும் அசைவுகளும் ஒலிகளுமே டிக். பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது சில காலம் வந்து போகிறது. பெரும்பாலானோருக்குத் தானாகவே மறைந்துவிடும். பல அசைவுகளும் குறைந்தது ஓர் ஒலியும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது டூரெட் குறைபாடு. நூறு பிள்ளைகளில் ஒருவருக்கும் சற்றுக் குறைவாகவே அது வருகிறது. பையன்களுக்குப் பெண்பிள்ளைகளைவிட மூன்று, நான்கு மடங்கு அதிகம். (திரைப்படங்களில் காட்டுவதுபோல் கெட்ட வார்த்தை தானாக வாயில் வருவது, டூரெட் உள்ளவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு வரக்கூடியது. அந்த ஒன்றை மட்டும் வைத்துத்தான் உலகம் இந்த நோயை அறிந்துவைத்திருக்கிறது.)

தமிழில் இதற்குப் பழகிய பெயர் இல்லை. அதனால் ஒரு வீட்டில் ‘கெட்ட பழக்கம்’ என்கிறார்கள், இன்னொரு வீட்டில் வலிப்போ என்று பயப்படுகிறார்கள், மூன்றாவது வீட்டில் திருஷ்டி சுற்றிப் போடுகிறார்கள். திருஷ்டி கழிப்பதால் பிள்ளைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. அதட்டல்தான் கெடுதல்.

டிக் வருவதற்குமுன் உடலில் ஓர் உறுத்தல் கிளம்புகிறது. சற்றே பெரிய பிள்ளைகள் அதை அரிப்பு என்றோ இறுக்கம் என்றோ விவரிக்கிறார்கள். அசைவைச் செய்துவிட்டால் உறுத்தல் தணிகிறது, பிறகு மறுபடியும் ஏறுகிறது. தும்மலைச் சற்று நேரம் அடக்கலாம் அல்லவா, அதுபோல இதையும் அடக்கலாம். ஆசிரியர் முன் அடக்கிவைக்கும் பிள்ளை வீட்டிற்கு வந்ததும் தளர்ந்துவிடுகிறது. “பள்ளிக்கூடத்துல ஒழுங்காத்தானே இருக்க, வீட்டுக்கு வந்தா மட்டும் ஏன்டா இப்படி?” என்று அம்மா கேட்பது இதனால்தான். அடக்க முடிகிறது என்பதாலேயே, வேண்டுமென்று செய்கிறான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கவனம் அதன்மேல் விழ விழ, பதற்றம் கூடக் கூட, டிக்கும் கூடுகிறது.

இன்னொன்றையும் சிங்கப்பூர்ப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். டிக் பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்குகிறது. 10 முதல் 12 வயதில் உச்சத்தை எட்டுகிறது. பதின்ம வயது முடிவதற்குள் பலருக்கும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்த உச்ச வயது, தொடக்கநிலை ஐந்தும் ஆறும். துணைப்பாட வகுப்புகளும் மாதிரித் தேர்வுகளும் குவிகிற அதே ஈராண்டில்தான் மூளை இந்த வேலையையும் காட்டுகிறது.

பழி சுமந்த நூறாண்டு

1885ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஜில் டி லா டூரெட் எனும் பிரெஞ்சு மருத்துவர் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதியதிலிருந்து இந்த நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. பிறகு இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம், இது ஆழ்மனச் சிக்கல், வளர்ப்பின் கோளாறு என்றே பலரும் விளக்கினார்கள். 1960களில் நியூயார்க்கில் ஆர்தர் ஷபீரோ, எலைன் ஷபீரோ தம்பதியர் ஹாலோபெரிடால் மருந்தால் ஒரு நோயாளிக்கு டிக் குறைந்ததைக் காட்டி, இது மூளை சம்பந்தப்பட்டது என்று வாதாடினார்கள். மருத்துவ உலகம் மெல்ல மெல்ல வளர்ப்பைக் குறைசொல்வதை விட்டது. நம் உறவுக்காரர்கள் இன்னும் விடவில்லை. பிள்ளைக்கு ஒன்று என்றால், வேலைக்குப் போகும் தாய்தான் முதல் குற்றவாளி.

டூரெட் தனியாக வருவதும் குறைவு. டூரெட் உள்ள 1,374 பேரை ஆராய்ந்து 2015ல் வெளிவந்த ஆய்வு, அவர்களில் 72 விழுக்காட்டினருக்கு ஓசிடியோ ஏடிஎச்டி எனும் கவனக்குறைவுக் கோளாறோ வாழ்நாளில் இருந்ததாகக் கண்டது. பல பிள்ளைகளைப் படிப்பில் பின்னுக்கு இழுப்பது கண் சிமிட்டல் அல்ல, அதன் பின்னால் நிற்கும் இந்த இரண்டில் ஒன்று. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் டிக் கூடுதலாகக் காணப்படுகிறது.

ஓசிடி நம் வீடுகளில் ஒளிந்துகொள்ள வசதியான இடங்கள் நிறைய. கை கழுவிக்கொண்டே இருப்பவனைச் சுத்தக்காரன் என்று மெச்சுகிறோம். எழுதியதை அழித்து அழித்துத் தாள் கிழியும்வரை எழுதுபவளை நேர்த்திக்காரி என்கிறோம். சாமி படத்தை மூன்று முறை தொட்டுக் கும்பிட்டு, ‘சரியாகக் கும்பிடவில்லை’ என்று திரும்ப வந்து மறுபடியும் மூன்று முறை கும்பிடும் பிள்ளையைப் பார்த்துப் பாட்டிக்குப் பெருமையாகக்கூட இருக்கலாம். பக்திக்கும் நோய்க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், கும்பிட்டு முடித்ததும் மனம் லேசாகிறதா, இல்லை செய்யாவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில் செய்கிறதா என்பதைப் பார்க்கலாம். சில பிள்ளைகளுக்குச் சாமி முன் நின்றதும் தகாத எண்ணங்கள் தாமாக வந்து மோதும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பூசை அறைக்குள் வரவே மறுப்பார்கள். அந்த மறுப்புக்கும் வீட்டில் வேறு பெயர்தான்.

ஆய்வுகள் சொல்வது

இவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது, அதுவும் மாத்திரையில் தொடங்க வேண்டியதில்லை என்பதுதான் பெற்றோரை எட்ட வேண்டிய செய்தி. அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுவரையுள்ள 126 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2010ல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரங்களில் எட்டு முறை நடத்தைவழிப் பயிற்சி அளித்தார்கள். உறுத்தல் வரும் நொடியைக் கண்டுபிடிக்கவும், டிக்குக்கு எதிரான வேறோர் அசைவைச் செய்யவும் பிள்ளை பழகிக்கொள்கிறது. தொண்டையைச் செருமத் தோன்றினால் மூச்சை மெதுவாக மூக்கால் இழுத்து விடுவது ஓர் எடுத்துக்காட்டு. பயிற்சி பெற்றவர்களில் 52.5 விழுக்காட்டினர் நன்கு தேறினார்கள். பேச்சும் ஆறுதலும் மட்டும் பெற்றவர்களில் தேறியவர்கள் 18.5 விழுக்காடு. அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, மருந்துக்கு முன் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

ஓசிடிக்கு 2004ல் வந்த ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசியது. 112 பிள்ளைகள், நான்கு பிரிவுகள். சிந்தனை, நடத்தைச் சிகிச்சையும் செர்ட்ரலின் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 53.6 விழுக்காட்டினர் ஏறக்குறைய நோயின்றி மீண்டனர். சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39.3, மருந்து மட்டும் என்றால் 21.4, வெற்று மாத்திரைக்கு 3.6 விழுக்காடு. அந்தச் சிகிச்சையின் மையம், பயத்தை எதிர்கொள்வதும் சடங்கைச் செய்யாமல் இருந்து பார்ப்பதும். இங்கே பெற்றோரின் பங்கு பெரிது. “கதவு பூட்டியாச்சாம்மா?” என்று இருபதாவது முறை கேட்கும் பிள்ளைக்கு இருபதாவது முறையும் “பூட்டியாச்சுடா கண்ணு” என்று பதில் சொல்வது பாசம்தான். ஆனால் அந்தப் பதிலே சடங்கின் ஒரு பாகமாகி நோய்க்குத் தீனி போடுகிறது. எப்போது, எப்படி நிறுத்துவது என்பதைச் சிகிச்சையாளருடன் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒரே நாளில் வெட்டிவிடுவதும் கொடுமை.

ஆய்வாளர்கள் இன்னும் சண்டையிடும் இடமும் உண்டு. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்று வந்தபின் சில பிள்ளைகளுக்கு ஓசிடியும் டிக்கும் திடீரென வெடிப்பதாக 1998ல் சூசன் சுவீடோ குழுவினர் 50 பிள்ளைகளை வைத்து எழுதினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டென்மார்க் பிள்ளைகளின் பதிவுகளை அலசிய 2017ஆம் ஆண்டு ஆய்வு, தொற்று வந்தவர்களுக்கு ஆபத்து கூடுவதைக் கண்டது. ஆனால் வேறு வகைத் தொண்டைத் தொற்றுக்கும் ஓரளவு அப்படியே. டிக் உள்ள 715 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஐரோப்பிய ஆய்வோ, ஸ்ட்ரெப் தொற்றுக்கும் டிக் கூடுவதற்கும் தொடர்பைக் காணவில்லை. எனவே, டிக் வந்த பிள்ளைக்கெல்லாம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கேட்டு மருந்தகத்துக்கு ஓடுவதில் அர்த்தமில்லை. ஓரிரு நாள்களில் பிள்ளை அடியோடு மாறிப்போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மரபணு ஆய்வு பற்றி ஒரு வார்த்தை. 2025ல் 53,000க்கும் மேற்பட்ட ஓசிடி நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய 30 இடங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். மாபெரும் வேலை. ஆனால் அவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். இந்திய, சீன, மலாய் வம்சாவளிப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை நம் வட்டாரத்து ஆய்வுகள்தான் சொல்ல வேண்டும்.

எங்கே போவது

பள்ளி மனநல ஆலோசகரிடம் சொன்னால், தேவைப்படும்போது மனநலக் கழகத்தின் ரீச் குழுவின் உதவியை அவர் நாடுவார். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களில் கழிவுக் கட்டணத்தில் பார்க்கலாம். மருத்துவச் சான்று இருந்தால், பிஎஸ்எல்இ தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். வாய்விட்டு ஒலி வரும் பிள்ளைக்குத் தனி அறை பற்றியும் கேட்டுப் பாருங்கள்.

புதிதாக வரப்போகும் உளவியல் நிபுணர்களில் எத்தனை பேருக்கு டிக் பயிற்சியும் ஓசிடி சிகிச்சையும் கைவந்திருக்கும் என்பதே என் கேள்வி. எண்ணிக்கை மட்டும் போதாது. பிரிட்டனில் 224 பிள்ளைகளுக்கு இணையம் வழி, சிகிச்சையாளரின் துணையோடு டிக் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். டிக்கின் கடுமை 16 விழுக்காடு குறைந்ததாக 2021ல் அறிவித்தார்கள். இணையம் வழித் தகவல் மட்டும் பெற்றவர்களுக்கு 6 விழுக்காடுதான். பெரிய பாய்ச்சல் இல்லைதான், ஆனால் வீட்டிலிருந்தபடியே கிடைத்தது. நிபுணர்கள் போதாத இடைக்காலத்தில் இங்கேயும் முயன்று பார்க்கத் தகுந்த வழி.

மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. டிக், மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் ஒளிந்துகொள்ளும். பிள்ளையிடம் சொல்லிவிட்டு, தொலைக்காட்சி பார்க்கும் நேரத்திலோ வீட்டுப்பாடம் செய்யும் நேரத்திலோ இரண்டு நிமிடம் கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள்.