கூவாகத்தில் இரண்டு விலை வேண்டாம்



திருவிழா இல்லாமல் வியாபாரம் இல்லை என்பது நமக்குத் தெரியாததல்ல. தை பிறந்தால் வெல்லம், பச்சரிசி; ஆடியில் கூழுக்குக் கேழ்வரகு, அம்மனுக்கு மஞ்சள், குங்குமம்; கார்த்திகையில் பொரி, அகல், எண்ணெய் என்று நமது கணக்குப் புத்தகம் பஞ்சாங்கத்தை ஒட்டியே நடக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து சாமையும் புளியும் கொண்டு இறங்கி வரும் மக்கள்கூடத் திருவிழாவுக்கு வேண்டியதை நம் கடைகளில்தான் வாங்கிச் செல்கிறார்கள்.

இவற்றோடு நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது உளுந்தூர்ப்பேட்டை வட்டம் கூவாகத்தில் சித்திரை மாதம் நடைபெறும் கூத்தாண்டவர் திருவிழா. பாரதப் போருக்கு முன் களப்பலியாகத் தன்னையே கொடுத்த அரவானை, கண்ணன் மோகினி வடிவெடுத்து மணந்தார் என்பது ஐதிகம். அதன்படி நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் திருநங்கைகள் வந்து கோயிலில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேரோட்டம் முடிந்து தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஊர் திரும்புகிறார்கள். சாகை வார்த்தலில் தொடங்கி 18 நாள் நடக்கும் விழா இது. மஞ்சள் கயிறு, கண்ணாடி வளையல், கற்பூரம், தேங்காய், தண்ணீர் பாட்டில் என்று எவ்வளவு சரக்கு போகிறது என்பதை நாம் அறிவோம். கொரோனாவால் 2020, 2021 ஆண்டுகளில் விழா நடக்காதபோதுதான் அதன் அருமை நன்றாகப் புரிந்தது. வாங்கி வைத்த கற்பூரம் கிடங்கிலேயே எடை குறைந்தது.

இப்போது மனத்தை உறுத்தும் ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். 2022-இல் விழா மீண்டும் நடந்தபோது, நம்மிடம் சரக்கு எடுத்த ஒருவரின் தற்காலிகக் கடையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். 20 ரூபாய் அச்சிட்ட தண்ணீர் பாட்டிலை ஊர்க்காரர்களுக்கு 25 ரூபாய்க்குக் கொடுத்தார். திருநங்கைகள் கேட்டால் 40 ரூபாய். "என்னய்யா இது?" என்றோம். "வருசத்துக்கு ஒரு தடவைதானே வர்றாங்க முதலாளி" என்றார். அதற்குமேல் நாம் வாய் திறக்கவில்லை. காரணம், அவரிடம் நமக்குப் பாக்கி நின்றது. அந்த 40 ரூபாயில்தான் அது வசூலாக வேண்டியிருந்தது.

ஆகவே இதில் சில்லறை வியாபாரியை மட்டும் குறை சொல்ல முடியாது. தரை வாடகை, வண்டிக் கூலி, இரவுக் காவல் எல்லாம் அவர் தலையில். விற்காத சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று நாமே கறாராகச் சொல்லியிருந்தோம். இரண்டு நாள் கூட்டத்தில் அத்தனையையும் ஈடுகட்ட அவர் பார்க்கிறார். எதிர்த்துக் கேட்க ஆளில்லாதவர் என்று யாரை நினைக்கிறாரோ, அவர் தலையில் அது விடிகிறது.

அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி குற்றம். பொருள் விற்பதில் திருநங்கைகளைப் பாகுபாடாக நடத்தக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வளையலுக்கும் குங்குமத்துக்கும் ஜி.எஸ்.டி. இல்லாததால் வரியைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. ஆனால் அபராதத்துக்குப் பயந்து நேர்மையாக இருப்பது நமக்கு அழகா? வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வணிகருக்கென்றே ஒரு குறள் வைத்ததும் நமக்கு நினைவிருக்க வேண்டும்.

சென்னை மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் அறுபத்துமூவர் உலா நாளில் மாட வீதிகளைச் சுற்றி நீர்மோரும் பானகமும் உணவும் இலவசமாக வழங்குகிறார்கள். அன்று தாகம் தீர்ந்தவர் அந்த வீதியை மறப்பாரா? தர்மமும் வியாபாரமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

எனவே சங்கத்தின் பார்வைக்கு மூன்று யோசனைகள்:

முதலாவது, கூவாகத்துக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரிகள், பிரிக்காத பெட்டிகளை விழா முடிந்து ஒரு வாரத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் நமக்குச் சிறு நட்டம் வரலாம். கடை போட்டவரின் பெரிய பயம் போகும்.

இரண்டாவது, சங்க உறுப்பினர் கடை ஒவ்வொன்றிலும் விலைப்பட்டியல் தொங்க வேண்டும். யார் வந்தாலும் அதே விலை.

மூன்றாவது, தேர் நாளன்று சங்கத்தின் பெயரில் ஒரு தண்ணீர்ப் பந்தல். சித்திரை வெயிலில் அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டியதில்லை.

முதல் யோசனையை மற்றவர்களுக்காகக் காத்திராமல், வரும் சித்திரையிலிருந்து நம் கடையில் நடைமுறைக்குக் கொண்டுவருகிறோம். 2022-இல் பேசாமல் இருந்ததற்கு நம்மால் ஆன பரிகாரம் அதுதான்.

தாலி அறுத்து அழுதுவிட்டு ஊர் திரும்புகிற ஒருவர், வழியில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்குகிறார். அவரிடம் நியாயமான விலை வாங்கினால் நம் கடை நொடித்துப் போய்விடாது. உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி ஒரு முடிவு செய்ய வேண்டுகிறோம்.