ஓர் எழுத்துக்கு எட்டு ஆண்டு

ஆங்கில விக்கிப்பீடியாவில் தயிர் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. ‘யோகர்ட்’ என்ற சொல்லை அமெரிக்கர்கள் ‘எச்’ இல்லாமல் எழுதுவார்கள். பிரிட்டனில் ‘எச்’ சேர்ப்பதுண்டு. தலைப்பில் அந்த எழுத்து வேண்டுமா, வேண்டாமா என்ற தகராறு 2003இல் தொடங்கி 2011வரை இழுத்தது. கடைசியில் ‘எச்’ போயிற்று. 2012 இறுதியில் ‘ஸ்டார் டிரெக்’ படமொன்றின் பெயரில் வரும் ‘இன்டு’வுக்குப் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று தொடங்கிய விவாதம் 40,000 சொற்களைத் தாண்டியது.

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு வருத்தமாக இருக்கிறது. சம்பளம் வாங்காமல், நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று வந்தவர்களின் மாலைப் பொழுதுகள் அவை.

சின்ன விஷயத்துக்குத்தான் பெரிய சண்டை வரும். அணு உலைத் திட்டத்தைச் சில நிமிடங்களில் நிறைவேற்றும் குழு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டும் என்று பிரிட்டிஷ் எழுத்தாளர் நார்த்கோட் பார்க்கின்சன் 1957இலேயே எழுதினார். உலையைப் பற்றிப் பேசப் படிப்பு வேண்டும். கொட்டகையைப் பற்றி எல்லோருக்கும் கருத்து இருக்கிறது. இணையத்தில் இன்னொன்றும் சேர்கிறது. எதிரில் இருப்பவரின் முகம் தெரிவதில்லை. களைத்துப்போய் எழுதிய ஒற்றை வரி, அங்கே திமிராகப் படிக்கப்படுகிறது.

விக்கிப்பீடியர்கள் பட்டுத் தெளிந்து சில விதிகளை வகுத்தார்கள். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் செய்த மாற்றத்தை அழித்தால் தடை விழலாம். இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். யார் சொல்வது சரி என்று அது கேட்பதே இல்லை. கையை நிறுத்திவிட்டு, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்துக்குப் போ என்கிறது, அவ்வளவுதான். இருவர் முட்டிக்கொண்டு நின்றால், சம்பந்தமில்லாத மூன்றாமவரிடம் கருத்துக் கேட்கவும் வழி வைத்திருக்கிறார்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப் பேச்சு நடக்கும் இடத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். கிரந்த எழுத்து வேண்டுமா என்பதில் தொடங்கி, ஈழத்தவர் எழுதும் ‘ரொறன்ரோ’வா, தமிழ்நாட்டவர் எழுதும் ‘டொராண்டோ’வா என்பதுவரை, தமிழில் முட்டிக்கொள்ளக் காரணங்களுக்குக் குறைவில்லை. இதற்கு ‘வழிமாற்று’ என்றொரு ஏற்பாடு இருக்கிறது. எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் வாசகர் ஒரே கட்டுரைக்குப் போய்ச் சேரலாம். தலைப்பில் எது நிற்கட்டும் என்ற கேள்வி அப்போதும் மிஞ்சும். ஆனால் யாருடைய தமிழும் வாசலுக்கு வெளியே நிற்பதில்லை.

ஆனால் விதியால் எட்ட முடியாத இடம் ஒன்று உண்டு. “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்று ஒருவர் எழுதும் நொடியில், பேச்சு கட்டுரையை விட்டு ஆளின் மேல் போய்விடுகிறது. அங்கே நியாயம் பேசிப் பயனில்லை. அந்த வரிக்குப் பதில் எழுதாமல், அதற்கு அடுத்த வரியில் விஷயம் ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் பதில் சொல்லலாம். “நீங்கள் சொல்வதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன், சரியா?” என்று எதிராளியின் வாதத்தை அவரே தலையாட்டும்படி எழுதிக் காட்டலாம். எல்லாவற்றையும்விடப் பயன்படுவது ஒரு கேள்வி: “சரி, இந்த வாக்கியம் எப்படி இருக்க வேண்டும்? நீங்களே எழுதிக் காட்டுங்கள்.” எழுதிக் காட்டச் சொன்னால் பாதி வேறுபாடு காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். மீதிப் பாதிக்கு ஆதாரம் கேட்கலாம்; கிடைக்காவிட்டால் மறுநாள் வரை விட்டுவைக்கலாம்.

சண்டை போட்ட இருவரும் பெரும்பாலும் அங்கேயேதான் இருப்பார்கள். ஓசைப்படாமல் விலகுவது, பார்த்துக்கொண்டிருந்த புதியவர். குடியிருப்போர் சங்கக் குழுவிலும், பழைய மாணவர் குழுவிலும், சேர்ந்து மொழிபெயர்க்கும் குழுவிலும் இதே கதைதான். உங்கள் குழுவில் முன்பு ஆர்வமாக எழுதி, ஒரு சச்சரவுக்குப் பிறகு வாய் மூடிக்கொண்டவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கே அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதி, திரும்பி வரச் சொல்லுங்கள்.