குழந்தை சாப்பிடலையா? முதல்ல அம்மா சாப்பிடட்டும்!

"டாக்டரம்மா, எம் புள்ள எதையுமே சாப்பிட மாட்டேங்குது. பசி எடுக்குற மாதிரி ஒரு சூரணம் குடுங்களேன்!"

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வைத்தியம் பார்க்கிற யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். சித்த வைத்தியர் ஆனாலும் சரி, எம்.பி.பி.எஸ். டாக்டர் ஆனாலும் சரி, இது தப்பாது. வேடிக்கை என்னவென்றால், 'எதையுமே சாப்பிடாத' அந்த வாண்டு அந்த நேரத்தில் என் மேஜைக்கு அடியில் புகுந்து, வெளியே ஓடி, திரும்பி வந்து என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். அம்மாவோ கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, நாற்காலி நுனியில் சோர்ந்து போய் உட்கார்ந்திருப்பார்.

குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் நான் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "காலையில நீங்க என்னம்மா சாப்பிட்டீங்க?"

சட்டென்று பதில் வராது. யோசிப்பார்கள். "டீ குடிச்சேன்..." என்று இழுப்பார்கள். "பெரியவன் தட்டுல ரெண்டு வாய் மிச்சம் வெச்சிருந்தான், அதைப் போட்டுக்கிட்டேன்" என்பார்கள். குழந்தை காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டது என்று கேட்டால் மட்டும், அரை இட்லி, கால் பிஸ்கட், மூன்று ஸ்பூன் சாதம் என்று கணக்குப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள்!

இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. மூன்று கிலோவில் பிறக்கிற குழந்தை ஐந்து, ஆறு மாதத்தில் ஆறு கிலோ ஆகிறது. ஒரு வயதில் ஒன்பது கிலோ. அதாவது ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு! இதே வேகத்தில் போனால் இரண்டாவது பிறந்த நாளுக்கு இருபத்தேழு கிலோ இருக்க வேண்டுமே, இருக்கிறதா? இல்லை. இரண்டாம் வருஷத்தில் சுமார் இரண்டரை, மூன்று கிலோதான் ஏறும். அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு கிலோ ஏறினாலே நல்ல வளர்ச்சி. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையத்தானே செய்யும்? ஒரு வயது தாண்டியதும் "நல்லா சாப்பிட்டுக்கிட்டிருந்த புள்ள, யாரு கண்ணு பட்டுச்சோ" என்று சுற்றிப்போடுகிறோமே, அங்கே பட்டது கண் இல்லை. இயற்கை பிரேக் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இது தெரியாமல் வீட்டில் என்ன நடக்கிறது? ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் செல்போன். கார்ட்டூன் ஓடுகிறது, பிள்ளை வாயைத் திறக்கிறது, ஒரு உருண்டை உள்ளே போகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். அது முடிந்து கையைக் கழுவினால் அடுத்த வேளை வந்துவிடுகிறது! முன்பு சாப்பிட்டது செரிக்கும் முன்பே மேலும் மேலும் திணித்தால் வயிறு என்ன செய்யும்? மாந்தம், மாந்தம் என்கிறோமே, அது செரியாமையால் வருகிற கோளாறுதான். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவம் படித்தபோது எங்கள் தலையில் முதலில் ஏற்றிய பாடம் இது. மாந்தத்துக்கு மருந்து கேட்டு வருகிறவர்களே வீட்டில் மாந்தத்தை ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சூரணம் கொடுக்காமல் அனுப்பினால் சிலருக்கு என் மேல் வருத்தம். நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய் 'பசி டானிக்' வாங்கிவிடுகிறார்கள். அந்த டானிக் பலவற்றில் இருப்பது சிப்ரோஹெப்டடின் என்கிற அலர்ஜி மருந்து. பசியைத் தூண்டும், கூடவே தூக்கத்தையும் வரவழைக்கும். மருந்தை நிறுத்தினால் பசி பழைய நிலைக்கு வந்துவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பெயர் தெரியாத ஆட்கள் விற்கிற 'சதை போடும் பவுடர்', 'புஷ்டி லேகியம்' சமாசாரமும் வேண்டாம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதைச் சொல்வதற்கு என் துறைக்காரர்களே என்னைக் கோபித்தாலும் பரவாயில்லை.

அடுத்தது பால். "சாப்பாடுதான் இறங்கலை, பாலாவது குடிக்கட்டும்" என்று நாலு டம்ளர், ஐந்து டம்ளர். வயிறு பாலால் நிரம்பினால் சோற்றுக்கு இடம் எங்கே? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டிப் போகிற பிள்ளைக்கு ரத்தசோகை வருவது சகஜம். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். உடனே இன்னொரு டம்ளர் பால்! பாலில் கலக்கிற மாவு பானங்களிலோ சர்க்கரைதான் தாராளம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணையதள விற்பனை நிறுவனங்கள் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாதாம். நம் வீட்டு அலமாரியில் மட்டும் அது இன்னும் 'ஹெல்த்' ஆகவே இருக்கிறது.

சரி, அம்மாவின் கதைக்கு வருவோம்.

விழுப்புரத்தில் எத்தனையோ வீடுகளில் கணவர் விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்கோ, பஸ்ஸில் புதுச்சேரிக்கோ வேலைக்குப் போகிறார். அவருக்கு டிபன் பாக்ஸ் கட்ட நாலரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அப்புறம் தண்ணீர் பிடிப்பது. பெரிய பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வருவதற்குள் தலை வாரி, ஷூ தேடி, காணாமல் போன ஒரு சாக்ஸையும் கண்டுபிடிக்க வேண்டும். மாமனாருக்குச் சர்க்கரை, அவருக்கு வேளாவேளைக்கு டிபன். கைக்குழந்தையின் பின்னால் கிண்ணத்தோடு ஓட்டம். தானும் வேலைக்குப் போகிறவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பின், மூன்று மணிக்கு அடுப்படியில் நின்றுகொண்டே, பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டுக்கொள்கிறார் பாருங்கள், அதற்குப் பெயர் அவருடைய மதியச் சாப்பாடு. அதுவும் குழந்தை தூங்கும்போது!

இங்கேதான் கவனிக்க வேண்டும். தன் அம்மா உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுவதை அந்தக் குழந்தை பார்த்ததே இல்லை. அது பார்த்ததெல்லாம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு துரத்துகிற அம்மாவை. பேச்சு, நடை, சாமி கும்பிடுவது, போனைக் காதில் வைத்து "அல்லோ" சொல்வது என்று எல்லாவற்றையும் பார்த்துத்தானே கற்றுக்கொள்கிறது? சாப்பிடுவதை மட்டும் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்?

அதனால் என் மருந்துச் சீட்டு இதுதான். பிள்ளைக்குத் தட்டு வைக்கும்போது உங்களுக்கும் ஒரு தட்டு வையுங்கள். தரையில் எதிரெதிரே உட்காருங்கள். நீங்கள் சாப்பிட ஆரம்பியுங்கள். "ஆ காட்டு" என்று கெஞ்ச வேண்டாம். பிள்ளை சோற்றை அளையும், இறைக்கும், பாதியை உங்கள் புடவையில் துடைக்கும். விடுங்கள். இருபது, முப்பது நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை பிஸ்கட் கிடையாது, முறுக்கு கிடையாது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறு தீனி, அதற்கும் நேரம் உண்டு. ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை தாராளம். கப் என்றால் 250 மில்லி. உங்கள் மனசில் இருக்கிற அளவு பெரியவர்கள் தட்டு அளவு! முதல் நாலைந்து நாள் பிள்ளை அடம் பிடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் புத்தி சொல்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் மாமியார்களிடம் கொஞ்சம் பேசியாக வேண்டும். "எம்மாம் ஆக்கிப் போட்டாலும் இவளுக்கு ஊட்டத் தெரியலீங்க" என்று மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புகார் சொல்கிறவர்கள் உண்டு. பெரியம்மா, உங்க அனுபவம் பெரிசுதான். ஆனால் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று காய் வேண்டாம், கீரை வேண்டாம், தண்ணீரைக்கூடக் குறைத்துக் குடி என்று மாசக்கணக்கில் வைப்பது எந்தச் சித்தரும் சொன்ன பத்தியம் இல்லை. பத்தியம் என்பது நோய்க்கும் மருந்துக்கும் ஏற்ற உணவு, பட்டினி இல்லை. பால் குடிக்கிற பிள்ளைக்கு நோய் என்றால் தாய்க்கு மருந்து கொடுக்கிற வைத்தியம் எங்களுடையது. தாயும் பிள்ளையும் ஒரே உடம்பு என்று பார்க்கிற முறை அது. பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு மாதம் நாளைக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கணக்கிட்டிருக்கிறது. கிட்டத்தட்ட இன்னொரு வேளைச் சாப்பாடு! நம் வீடுகளில் இருக்கிற வேளையே குறைகிறது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். தாய் பாதி, பிள்ளை பாதி... இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரே அடுப்பு, ஒரே சட்டி.

பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அரசாங்கத் திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததோடு அதை மூட்டை கட்டி வைக்கிறவர்களே அதிகம். "இங்கிலீஷ் மருந்து, சூடு" என்று என்னிடமே சொல்வார்கள், நான் சந்தோஷப்படுவேன் என்று! அன்னபேதி என்று எங்கள் சித்த நூல்களில் வருகிற சரக்கும் ஃபெரஸ் சல்பேட்தான். இரண்டிலும் இருப்பது இரும்புதான், அம்மா. மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். பிள்ளைக்கும் ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச் சொட்டு மருந்து உண்டு. கிராம செவிலியரிடம் கேளுங்கள். அங்கன்வாடியில் தாய்க்கும் சேர்த்துத்தான் சத்துமாவு தருகிறார்கள். "நமக்கெதுக்கு, வசதியில்லாதவங்க வாங்கட்டும்" என்று விடுகிறவர்களும் இருக்கிறார்கள், வாங்கி மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மாடு புஷ்டியாக இருக்கிறது!

சத்துக்காக எங்கேயும் அலைய வேண்டாம். நிலக்கடலையில் டி.எம்.வி. என்ற பெயரோடு எத்தனையோ ரகங்கள் வந்தனவே, அந்த மூன்றெழுத்து திண்டிவனத்தைக் குறிப்பது. இங்கே உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்கள். ஊர் பெயரைத் தாங்கிய கடலை இருக்க, பெரிய டப்பாவில் பவுடர் எதற்கு? நூறு கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம். வறுத்து, பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட்டு, பொடித்து இட்லிக்கோ சாதத்துக்கோ போடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலை மட்டும் வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மரக்காணம் பக்கத்து மீன், கொல்லை முருங்கைக்கீரை, கேழ்வரகு, உளுந்து, முட்டை... இதெல்லாம் அம்மா தட்டிலும் இருக்க வேண்டும். முட்டை ஒன்றுதான் இருக்கிறதென்றால் பிள்ளைக்கு, இரண்டு இருந்தால் கணவருக்கு என்று போகிற கணக்கை மாற்றுங்கள்.

கணவன்மார்களே, ராத்திரி வந்து "புள்ள என்ன சாப்பிட்டான்?" என்று கேட்கிறீர்கள் அல்லவா? கூடவே "நீ என்ன சாப்பிட்டே?" என்றும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவர் சூடாகச் சாப்பிட வழி விடுங்கள்.

எல்லாப் பசியின்மையையும் இப்படி விட்டுவிடலாமா? கூடாது. எடை ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, காய்ச்சல் விட்டு விட்டு வந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலோ, வாந்தி, பேதி தொடர்ந்தாலோ, முகம் வெளுத்து விளையாடாமல் படுத்தே கிடந்தாலோ, மண்ணையோ சுவரைச் சுரண்டியோ தின்றாலோ, வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்க் குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஒரு வயதுக்கு மேல் பூச்சி மாத்திரையும் வருஷத்துக்கு இரண்டு முறை உண்டு.

பிள்ளைக்கு ரத்தம் எடுக்கிற அன்றைக்கே அம்மாவும் கையை நீட்டிவிடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் உங்களுக்கும் வைத்தியம் தேவை. பிள்ளையின் எடை அட்டையோடு அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசுவோம். வரும்போது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.