மெய்ப்பாடும் மதிப்பெண்ணும்

சென்ற மாதம் அம்மாவைச் சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மருத்துவரைக் காணுமுன் செவிலியர் ஒருவர் படிவமொன்றை வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டார். பி.எச்.க்யூ-9 எனப்படும் வினாநிரல் அது. க்ரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வின் வழியே உலகெங்கும் பரவியது. ஒன்பது கேள்விகள், கடந்த இரு வாரங்களில் எத்தனை நாள் என்பதற்கேற்பச் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மனச்சோர்வு பற்றி மேலும் விசாரிப்பது வழக்கம்.

காரியங்களில் ஆர்வம் குறைந்துள்ளதா என்பது முதல் கேள்வி. "கொறஞ்சா யாரும்மா சமைக்கிறது?" என்றார் அம்மா. சுழியம். மனம் தளர்ந்திருக்கிறதா என்றதற்கு, "ராத்திரியில மட்டும் நெஞ்சை அடைக்கும்" என்றார். நாட்கணக்கில் அது அடங்கவில்லை. இதய மருத்துவருக்கான குறிப்பாயிற்று. செத்துவிட்டால் தேவலை எனத் தோன்றுகிறதா என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் தயங்காமல், "எமன் எப்ப வந்தாலும் சரிதான்" என்றார். செவிலியர் திடுக்கிட்டார். எங்கள் ஊரில் எழுபதைத் தாண்டியவர்கள் வெற்றிலை மென்றபடி சொல்லும் வாக்கியம்தான் என்று நான் விளக்கினேன். அதற்கும் சுழியம். அப்பா இறந்து பத்து மாதமே ஆகியிருந்த நிலையில் நான் விளக்கியது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. திரும்பும் வழியில் அம்மா கேட்டார்: "அந்தப் பொண்ணு அப்பாவப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே?"

உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். அழுகைக்கு அவர் கூறும் நான்கு காரணங்களுள் இழப்பும் ஒன்று. முன்னிருந்த நிலை கெடுவதும் ஒன்று. நெஞ்சடைப்பு, வயிற்றெரிச்சல் என்று உடலின் வழியாகவே துயரைப் பேசும் மரபு நம்முடையது. அதை மொழிபெயர்ப்பாளர் அறியாவிடில், கேள்வி தமிழில் இருந்தும் நோயாளியைச் சென்று சேராது.

வினாநிரலே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. வாய்திறந்து சொல்லாதவர்களை இனங்காண அது உதவும். ஆனால் ஜிம்பாப்வேயில் விக்ரம் படேலும் அவருடைய சகாக்களும் 1990-களில் செய்ததை நினைத்துப் பார்க்கலாம். ஷோனா மொழி நோயாளிகளின் சொற்களிலிருந்தே 14 கேள்விகளை அவர்கள் உருவாக்கினார்கள். அளவுக்கு மீறி யோசித்தலைக் குறிக்கும் 'குஃபுங்கிசிசா' அங்கே மக்களின் சொல்.

நாமும் செய்யக்கூடியது எளிது. பதில் சொன்ன நோயாளியிடம், "நான் கேட்டதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று ஒருமுறை கேட்பது. அந்தப் பதில்களைத் தொகுத்துக் கேள்விகளைத் திருத்துவது. இதில் மருத்துவர்களோடு தமிழ்த்துறையினரும் உட்கார வேண்டும். மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்கு மட்டும் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட உருப்படியான வேலை வேறென்ன இருக்கிறது?