குப்பையை எரித்தால் தீராது

சென்னையில் குப்பையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, படித்தவர், பாமரர் என்ற பேதமே இல்லாமல் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேருகிறார்கள். "சுவீடன்காரன் எல்லாத்தையும் எரிச்சு கரண்ட் எடுக்கறான். நாம இன்னும் மலை மலையாக் கொட்டிக்கிட்டு இருக்கோம்." டீக்கடையிலும் இதுதான், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் இதுதான். கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையைக் கொண்டுவர மாநகராட்சி முனைந்தபோது, அதற்குப் பெரிய ஆதரவாக நின்றது இந்த நம்பிக்கைதான். கெட்ட எண்ணத்தில் பிறந்த நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தவறான நம்பிக்கை. இதற்கான விலையை வடசென்னை தன் மூச்சில் கொடுக்க வேண்டியிருக்கும்.

நம் வீட்டுக் குப்பைத் தொட்டியை ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தாலே போதும். பாதிக்கு மேல் ஈரம்: காய்கறித் தோல், மீந்த சோறு, சாம்பார், தேங்காய் நார், வாழையிலை, மீன் செதில். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு. ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் குப்பையில் பிறக்கும் வெப்பத்தில் கணிசமான பங்கு அதன் ஈரத்தை விரட்டவே செலவாகிவிடும். மிச்சத்தில்தான் மின்சாரம்.

இதை இந்த நாடு ஒருமுறை காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1987இல் தில்லியின் திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தோடு ஓர் எரிஆலை கட்டப்பட்டது. நாளுக்கு 300 டன் குப்பை, 3.75 மெகாவாட் மின்சாரம் என்பது திட்டம். அது மூன்று வாரம் ஓடியது. பிறகு மூடப்பட்டது. ஆலைக்கு எவ்வளவு வெப்பமுள்ள குப்பை தேவை என்று கணக்கிட்டிருந்தார்களோ, அதில் பாதிகூட தில்லிக் குப்பையில் இல்லை. டென்மார்க்கின் தொட்டியில் விழுவதை வைத்துப் போட்ட கணக்கு, பருப்பும் காய்கறியும் சமைக்கும் ஊருக்கு எப்படிப் பொருந்தும்?

"அது பழைய கதை, இப்போது ஆலைகள் ஓடுகின்றனவே" என்பார்கள். ஓடுகின்றன. தில்லி ஓக்லாவில் 2012இலிருந்து ஓடுகிறது. எதனால் ஓடுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். இந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நம் குப்பையில் பிளாஸ்டிக் பெருகிவிட்டது. உலையில் நன்றாக எரிவது பிளாஸ்டிக்கும் காகிதமும் அட்டையும்தான். பிளாஸ்டிக் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. அதை எரித்து எடுக்கும் மின்சாரத்துக்குப் 'பசுமை' என்று பெயர் வைப்பது மக்களை ஏமாற்றுவது. உண்மையில் எரிவது பெட்ரோலியம், அதுவும் சூரிய மின்சாரத்தைவிட அதிக விலையில்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உலை கேட்கும் அதே காகிதத்தையும் அட்டையையும் பிளாஸ்டிக்கையும் நம்பித்தான் இந்த நகரத்தில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்களும் காயலான் கடைகளும் இருக்கின்றன. மாநகராட்சி பத்து பைசா தராமல் அவர்கள் செய்துவரும் மறுசுழற்சியை, கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் ஆலை விழுங்கிவிடும். சட்டமும் இதற்கு எதிராகத்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத, கிலோவுக்கு 1,500 கிலோ கலோரியோ அதற்கு மேலோ வெப்பமுள்ள கழிவை எரிசக்திக்குப் பயன்படுத்தச் சொல்லின. முதலில் பிரி, மறுசுழற்சி செய், எதற்கும் உதவாமல் மிஞ்சுவதைப் பிறகு பார் என்பதுதான் வரிசை. மிஞ்சுவதற்காகச் சொன்ன வழியை மொத்தக் குப்பைக்கும் தீர்வாகத் தூக்கி வைப்பது விதியைத் தலைகீழாக வாசிப்பது.

சுவீடனைப் பற்றியும் பேசிவிடலாம். அங்கே உணவுக் கழிவைத் தனியே வாங்குகிறார்கள். காகிதம், கண்ணாடி, உலோகம் எல்லாம் முன்னமே பிரிந்துவிடுகின்றன. உலையில் பிறக்கும் வெப்பம் குழாய் வழியே வீடுகளைச் சூடாக்கப் போகிறது. பனிக்காலம் பாதி வருடம் நீளும் நாட்டில் அதற்கு மதிப்புண்டு; சென்னை வெயிலில் அந்த வெப்பத்தை யார் வாங்குவார்கள்? அதோடு, கட்டிவிட்ட உலைகளுக்குத் தீனி போதாமல் சுவீடன் பிற நாடுகளிலிருந்து குப்பையை இறக்குமதி செய்கிறது. இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது எச்சரிக்கையாகத்தான் படுகிறது. உலையைக் கட்டிவிட்டால் இருபது இருபத்தைந்து ஆண்டுக்கு அதன் வாய்க்குத் தினமும் டன் கணக்கில் போட்டாக வேண்டும். குப்பையைக் குறைக்கும் எந்த முயற்சியும் அந்த ஒப்பந்தத்துக்கு நஷ்டம். பிறகு எந்த மாநகராட்சி மக்களிடம் வந்து குப்பையைக் குறையுங்கள் என்று மனமாரச் சொல்லும்?

எரித்தால் குப்பை மறைந்துவிடும் என்பதும் பொய். எடையில் நான்கில் ஒரு பங்கை ஒட்டிச் சாம்பல் மிஞ்சும். புகையை வடிகட்டிப் பிடிக்கும் பறக்கும் சாம்பலில் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களும் டயாக்சின் என்ற நச்சும் சேரும். அதை அபாயக் கழிவாகப் பாதுகாத்துப் புதைக்க வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் அப்படிப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அதுவும் வடக்குதான். டயாக்சினை நடைமுறையில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் அளக்கிறார்கள். மாதிரி எடுக்கும் நாளில் உலை ஒழுங்காக எரியலாம். மழைக்காலத்தில் நனைந்த குப்பை உள்ளே போய் வெப்பம் இறங்கும் ராத்திரியில் புகைபோக்கியிலிருந்து என்ன வந்தது என்பதற்குச் சாட்சி அங்கே குடியிருப்பவர்களின் நுரையீரல் மட்டுமே.

அந்த மக்கள் யார்? வடசென்னைக்காரர்கள்; மணலி சுத்திகரிப்பு ஆலையையும் வடசென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்களையும் பக்கத்தில் வைத்து வாழ்பவர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்தவர்கள். அதே மாதம் அம்மோனியா கசிந்து நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியவர்கள். நாற்பது ஆண்டுக் காலமாகப் பாதி நகரத்தின் குப்பையைத் தங்கள் வாசலில் சுமப்பவர்கள். 2025 மே மாதம் அவர்கள் மனிதச் சங்கிலியாக நின்று இந்த ஆலை வேண்டாம் என்றார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று ஏசியவர்களைக் கேட்கிறேன்: புகைபோக்கி அவ்வளவு சுத்தமானது என்றால் அதை அடையாற்றிலோ அண்ணா நகரிலோ வைக்க உங்கள் கை உயருமா?

எரிப்பை ஆதரிக்கும் நண்பர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. "நாங்க பிரிச்சுக் குடுத்தா மட்டும் என்ன சார்? வண்டியில ஒண்ணாத்தானே கொட்டறாங்க." இது நியாயமான கோபம். பல தெருக்களில் நடப்பது அதுதான். ஆனால் அந்தக் கோபம் எங்கே போய்ச் சேர வேண்டும்? பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோக வண்டியும் ஆளும் உரக்கூடமும் தர வேண்டியது மாநகராட்சி. அதைச் செய்யாத தோல்விக்குப் பரிசாக அதே நிர்வாகத்திடம் இன்னும் சிக்கலான, இன்னும் ஆபத்தான உலையை ஒப்படைப்பது எந்த ஊர் நியாயம்? இரண்டு பக்கெட்டைத் தனித்தனியே வைத்திருக்க முடியாத நிர்வாகம், உலைக்குத் தேவையான 850 டிகிரி வெப்பத்தை இரவும் பகலும் தவறாமல் காக்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

பிரித்து உரமாக்குவது முடியாத காரியமும் இல்லை. ஆலப்புழையில் 2012இல் சர்வோதயபுரம் மக்கள் நகரத்துக் குப்பை லாரிகளைத் தங்கள் ஊருக்குள் விட மறுத்தார்கள். நகரம் நாறியது. கொட்ட வேறு இடம் இல்லாமல் போனதால்தான் நகராட்சிக்கு வழி பிறந்தது. வீட்டுக்கு வீடு குழாய் உரக்கலன்களும் உயிரி எரிவாயுக் கலன்களும் மானியத்தோடு கொடுத்தார்கள். தெருக்களில் நான்கடி நீள அகல உயரத்தில் காற்றோட்டமான உரத்தொட்டிகளை வைத்து, சாணமும் சருகும் அடுக்கடுக்காய்ப் போட்டு, சுமார் மூன்று மாதத்தில் உரம் எடுத்தார்கள். 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டாகச் சொன்ன ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று. சிறிய ஊர் என்று தள்ளுபவர்களுக்கு இந்தூர் இருக்கிறது. அங்கே வீட்டு வாசலிலேயே ஆறு வகையாகப் பிரித்து வாங்குகிறார்கள். ஈரக் கழிவிலிருந்து வாகன எரிவாயு எடுக்கும், நாளுக்கு 550 டன் கொள்ளளவுள்ள ஆலை 2022இல் திறக்கப்பட்டது. எரிக்க வேண்டாத ஈரம் அங்கே பேருந்துக்கு எரிபொருளாகிறது.

நம் ஊரிலோ, கொடுங்கையூரில் குவிந்து கிடந்த 66 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட பழங்குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலைக்குச் சுமார் 640 கோடி ரூபாய். வாசலில் பிரிக்காமல் விட்டதற்கு நாற்பது ஆண்டு கழித்து நாம் கட்டும் அபராதம் அது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒவ்வொரு வார்டிலும் உரக்கூடத்துக்கும், தூய்மைப் பணியாளர்களின் நிரந்தர வேலைக்கும் ஒழுங்கான சம்பளத்துக்கும் முன்பே செலவழித்திருந்தால் அந்த மலை இவ்வளவு வளர்ந்திருக்காது. 2025 ஆகஸ்டில் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் போராடி உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களுக்குக் குப்பையைப் பிரிப்பது எப்படி என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த நகரத்தில் அது தெரிந்தவர்களே அவர்கள்தான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று உங்கள் வார்டில் பகுதி சபை கூடினால் போய் உட்காருங்கள். கூடவில்லை என்றால் ஏன் கூடவில்லை என்று கவுன்சிலரிடம் எழுதிக் கேளுங்கள். நம் வார்டின் ஈரக் குப்பை எந்த உரக்கூடத்துக்குப் போகிறது, நேற்று எத்தனை கிலோ போனது, எரிஆலை ஒப்பந்தத்தில் நாளுக்குக் குறைந்தது எத்தனை டன் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை, கொடுங்கையூரில் உலை கட்டுவதற்கு உங்கள் பெயரால் யாரும் சம்மதம் சொல்ல விடாதீர்கள்.